ஹெரால்டுக்கு ஒரு குளியல்

பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் இடையே ஜி.எஸ்.டி. சாலையில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி ஞாபகம் இருக்கிறதோ! இன்று அங்கே ஐ.டி. கட்டடங்களும் அடுக்குமாடிகளும். 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்கள் நம் வண்டலூர்ப் பக்கத்திலிருந்துதான் நாடு முழுதும் போயின. மிசெலோட்டி என்ற இத்தாலியர் வரைந்த உருவம், 948 சி.சி. என்ஜின். நான்கு கதவு ஹெரால்டு நம் ஊரில் மட்டுமே செய்யப்பட்டது, இங்கிலாந்தில்கூடக் கிடையாது.

என் மச்சினரிடம் அப்படியொரு நான்கு கதவு வண்டி இருக்கிறது. அவர் அப்பா வாங்கியது, இளநீல நிறம். மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் நடத்தும் பழைய கார் கண்காட்சிக்கு அதைக் கொண்டுபோக வேண்டும் என்பது அவர் மகனின் ஆசை. பையன் டிங்கரிங், பெயின்டிங் எல்லாம் விசாரித்து எஸ்டிமேட்டும் வாங்கிவிட்டான். "மாமா, புதுசு மாதிரி ஆயிடும்" என்றான். மச்சினர் முகம் வாடிவிட்டது. அப்பா கைபட்ட பெயின்ட் என்று சொல்ல அவருக்குக் கூச்சம்.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், அந்தத் தொழிற்சாலையில் பெயின்ட் பிரிவில் இருந்தவர், பெருங்களத்தூரில் குடியிருக்கிறார். அவரை அழைத்து வந்தேன். அவர் வண்டியைச் சுற்றி வந்து, கதவைத் திறந்து, விளிம்பில் விரலால் தடவிப் பார்த்தார். "தம்பி, இது கம்பெனி பெயின்ட். சுரண்டினா போச்சு. பெயின்ட் எப்ப வேணும்னாலும் அடிக்கலாம், இதைத் திரும்பக் கொண்டுவர முடியாது."

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் 'பத்தீன்' என்றொரு சொல் கற்றுத் தந்தார்கள். காலம் ஒரு பொருளின் மேல் ஏற்றிவைக்கும் மெருகு. வெண்கலச் சிலைக்குச் சொல்வார்கள், பழைய மேசைக்கும் சொல்வார்கள். காருக்கும் பொருந்தும் என்று அன்றுதான் தோன்றியது.

இரண்டு ஞாயிறு வேலை நடந்தது. முதல் சிக்கல் தண்ணீர். எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீர் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளி விழும். ஆகவே கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர். வெயில் ஏறுமுன், நிழலில், கூரையிலிருந்து கீழ்நோக்கி. சோப்புக்கு ஒரு வாளி, துணியை அலச வேறு வாளி; இல்லையேல் துணியில் ஒட்டிய மண்ணே பெயின்டைக் கீறும்.

பாலிஷ் போட்டபோது துணி நீலமாகிவிட்டது. பையன் பதறிப்போனான். பெரியவர் சிரித்தார். இன்றைய வண்டிகளில் நிறத்தின் மேல் கண்ணாடி போலொரு பூச்சு உண்டு. இதில் அது இல்லை, நிறத்தையே தேய்க்கிறோம். வெளுத்த மேல்தோல் போய் உள்ளே இருக்கும் நிறம் வரும். அளவோடு நிறுத்த வேண்டும், முக்கியமாக விளிம்புகளில், அங்கே பெயின்ட் மெல்லியது. பிறகு மெழுகு. பம்பரின் துருவை, தண்ணீரில் நனைத்த அலுமினியத் தாளால் தேய்த்தே எடுத்தார். சமையலறையிலிருந்து தாளைக் கொண்டு போனதற்கு என் மனைவியிடம் பேச்சு வாங்கியது நான்.

ஹெரால்டில் பானெட் மட்டும் தனியாய்த் திறக்காது. பக்கத்துக் கொக்கிகளை எடுத்தால் மட்கார்டுகளோடு முன்பக்கம் முழுவதும் முன்னால் சாயும். என்ஜின், முன் சக்கரங்கள், அடிச்சட்டம் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும், ஒளிக்க இடமில்லை. அதனால் பாதி நேரம் அங்கேதான் போனது. பல் துலக்கும் பிரஷ், மண்ணெண்ணெய், பனியன் வேஸ்ட். ரப்பர் குழாய்கள் பக்கம் மட்டும் மண்ணெண்ணெயைப் பெரியவர் விடவில்லை.

இடது பின்கதவில் ஒரு கீறல் உண்டு, மச்சினரின் அப்பா வீட்டு கேட்டில் உரசியது. அதை அப்படியே விட்டோம்.

கண்காட்சியில் பரிசு எதுவும் வரவில்லை. ஆனால் பானெட்டைச் சாய்த்ததும் கூட்டம் கூடியது. பெரியவர் ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டே இருந்தார், மதியம் சாப்பிடக்கூட வரவில்லை. எஸ்டிமேட் பற்றி மச்சினர் மகன் அப்புறம் பேசவில்லை. இப்போது கதவு ரப்பர் பீடிங் தேடிக்கொண்டிருக்கிறான். பழைய ஹெரால்டுக்குப் பொருந்துவது எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.