வைஃபையும் என் தம்பியும்

இது கம்ப்யூட்டர் கட்டுரை மாதிரி தெரியும். உண்மையில் நான் செய்த ஒரு தப்பைப் பற்றிய கட்டுரை.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் ஆமை மாதிரி நகர்ந்ததால், மாமா உபுண்டு போட்டுக் கொடுத்தார். லினக்ஸ் வகையைச் சேர்ந்த இந்த இலவச இயங்குதளம் 2004-இல் வெளிவந்தது. ராவுட்டர் முன் அறையில் இருக்கிறது. சி.பி.யு.வின் பின்னால் விரல் நுனி அளவு வைஃபை டாங்கிள் ஒன்று செருகியிருக்கும்.

சனிக்கிழமை மாலை 6 மணிக்கு எனக்கு ஆன்லைன் மாதிரித் தேர்வு. ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் பாட வீடியோக்களைக் கடைசி நிமிடம் வரை பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். மூன்று வாரம் தொடர்ந்து தேர்வின் பாதியில் நெட் போய்விட்டது. மூன்றாவது வாரம் அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரத்தில் ஏழாவது படிக்கும் என் தம்பி போனில் கேம் விளையாடிக்கொண்டிருந்தான். "இவன்தாம்ப்பா நெட்டையெல்லாம் இழுக்குறான்!" என்று கத்தினேன். அப்பா அவன் முதுகில் ஒன்று வைத்து, போனைப் பிடுங்கி பீரோவில் பூட்டினார். "நான் ஒண்ணுமே பண்ணலக்கா" என்றான். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாளும் நெட் போனது. போனோ பீரோவில்!

திங்கட்கிழமை கம்ப்யூட்டர் டீச்சரிடம் சொன்னேன். "முதல்ல எங்க அறுபடுதுன்னு பாரும்மா. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்து. மாத்தினதை நோட்டுல எழுது" என்றார்.

அப்படியே செய்தேன். டெர்மினலைத் திறந்து, பிங் என்ற கட்டளையோடு ராவுட்டரின் எண் 192.168.1.1 கொடுத்தேன். ராவுட்டரிலிருந்து பதில் ஒழுங்காக வந்தும் வெளியே போக முடியவில்லை என்றால் லைனில் கோளாறு. ராவுட்டரின் பதிலே வரவில்லை என்றால் கோளாறு வீட்டுக்குள். எங்களுக்கு ராவுட்டர் பதிலே விட்டுவிட்டுத்தான் வந்தது. அதே நேரம் அம்மாவின் போனில் நெட் ஓடியது. ஆகவே தகராறு எங்கள் கம்ப்யூட்டரில்தான்.

அடுத்து பவர்சேவ். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க உபுண்டு வைஃபையை அவ்வப்போது தூங்க வைக்கும். அதற்கான கோப்பில் 3 என்று இருந்ததை 2 ஆக மாற்றினால் தூங்காது. மாற்றினேன். பதில் கொஞ்சம் வேகமாக வந்தது. ஆனால் நெட் போவது நிற்கவில்லை.

ராவுட்டரின் சேனலை 6-இலிருந்து 1, பிறகு 11 என்று மாற்றினேன். பக்கத்து வீட்டு வைஃபையோடு மோதாமலிருக்க இது உதவும். எங்களுக்கு உதவவில்லை.

நெட் போகும் நேரத்தை எல்லாம் நோட்டில் குறித்தேன். அதை எட்டிப் பார்த்த தம்பி மெதுவாகச் சொன்னான்: "அக்கா, நீ அந்த நீலக் கலர் ஓட்டையில டிஸ்க்கைச் செருகினாத்தான் போகுது."

ஐந்து தடவை செருகி எடுத்துப் பார்த்தோம். ஐந்து தடவையும் அவன் சொன்னதுதான் நடந்தது!

டீச்சர் விளக்கினார். நீல நிறத்தில் இருப்பது யு.எஸ்.பி. 3.0. அதில் தகவல் மிக வேகமாக ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் ரேடியோ இரைச்சல் கசியும். எங்கள் வைஃபையும் அதே 2.4-இல்தான் பேசுகிறது. பக்கத்திலேயே இருந்த டாங்கிளுக்கு, சந்தைக் கூச்சலில் ரகசியம் கேட்ட கதை! இன்டெல் நிறுவனம் 2012-லேயே இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டிருக்கிறதாம்.

வைத்தியம் சுலபம். ஒரு மீட்டர் யு.எஸ்.பி. எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கி, டாங்கிளை ஜன்னல் பக்கம் தொங்கவிட்டோம். டிஸ்க்கை முன்பக்கத்துக் கறுப்பு ஓட்டைக்கு மாற்றினோம். அடுத்த சனிக்கிழமை தேர்வை முழுதாக எழுதி முடித்தேன்.

நெட்டை அறுத்தது நான் செருகிய டிஸ்க். அடி வாங்கியது தம்பி. அப்பாவிடம் உண்மையைச் சொல்லி, போனை நானே எடுத்துக் கொடுத்து, "சாரிடா" என்றேன். "பரவாயில்லக்கா, டிஸ்க்குல படம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டான். சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

நோயின் காரணத்தை முதலில் தேடச் சொன்னார் வள்ளுவர். நான் முதலில் ஆளைத் தேடினேன். நண்பர்களே, நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். நெட் போனால் நோட்டை எடுங்கள், குரலை உயர்த்தாதீர்கள்!