பேமென்ட் அடுத்த வாரம்!

காலை ஐந்தே முக்கால் மணிக்குப் படப்பை பஸ் ஸ்டாப்பில் நின்று பார்த்திருக்கிறீர்களா? அரசு பஸ் வருகிறதோ இல்லையோ, கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி வரும். எல்லாம் ஒரகடம் பக்கம் போகிறவை. கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை, கண்ணில் பாதித் தூக்கம்... பையன்கள் ஏறிக்கொண்டே இருப்பார்கள். ஒரு காலத்தில் இந்த ஊரில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தால், "ஏரியில தண்ணி எவ்ளோ இருக்கு?" என்று கேட்டுக்கொள்வார்கள். இப்போது, "நீ எந்த ஷிஃப்ட்?"

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் செய்ய ஆரம்பித்தது. 2010-ல் ஒரகடத்துக்கு ரெனோ-நிசான் வந்தது. 2012-ல் டெய்ம்லர் லாரி, 2013-ல் ராயல் என்ஃபீல்டு. 'இந்தியாவின் டெட்ராய்ட்' என்று நமக்குப் பட்டம் கொடுத்தார்கள். (டெட்ராய்ட்காரர்கள் தங்கள் ஊரை 'அமெரிக்காவின் படப்பை' என்று சொல்லிக்கொள்வதாகத் தகவல் இல்லை.)

அந்த பஸ்களில் ஏறாத ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு லேத் பட்டறை. இரண்டு லேத், ஒரு மில்லிங் மெஷின், வங்கிக் கடனில் வாங்கிய ஒரு சி.என்.சி. ஆறு பேர் வேலை செய்கிறார்கள். முதலாளிக்கு வயது ஐம்பத்து மூன்று. ஐ.டி.ஐ. படித்துவிட்டு அம்பத்தூரில் டர்னராக இருந்தவர். நாங்கள் அவரை 'மைக்ரான் அண்ணன்' என்போம். உலகத்தில் எதையும் அவர் மைக்ரானில்தான் சொல்லுவார். டீக்கடையில் போய், "சர்க்கரை ரெண்டு மைக்ரான் கம்மியா போடு" என்பார். டீ மாஸ்டருக்கும் பழகிவிட்டது.

நான் பி.காம். பத்திரிகைகளுக்கு எழுதுவது தொழில். அது சோறு போடாத நாட்களில் (மாதத்தில் சுமார் இருபத்தாறு நாட்கள்) இது மாதிரி நாலைந்து பட்டறைகளுக்குக் கணக்கு எழுதித் தருகிறேன். ஆகவே இந்தப் பக்கத்துச் சிறு முதலாளிகளின் கஷ்டங்கள் எனக்குக் கதையாகத் தெரியாது, லெட்ஜராகத் தெரியும்.

கஷ்டத்துக்கு என்ன பஞ்சம்? மேம்பாலத்துக்காகச் சாலையைத் தோண்டிய நாட்களில் இரும்பு ஏற்றிய வண்டி பட்டறைக்கு வருவதற்குள் டிரைவருக்குத் தாடி வளர்ந்துவிடும். 2022 செப்டம்பரில் கரண்ட் கட்டணம் ஏறியது. அதை எதிர்த்து 2023 செப்டம்பர் 25-ம் தேதி தமிழ்நாடு முழுக்கச் சிறு தொழில்காரர்கள் ஒரு நாள் கதவடைப்பு நடத்தினார்கள். அண்ணனும் ஷட்டரை இழுத்து விட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்து மெஷினுக்கு ஆயில் போட்டுக்கொண்டிருந்தார். வேலைக்கு ஆள் கிடைப்பது அடுத்த கஷ்டம். ஒரு பையனுக்கு டிராயிங் படிக்கவும் வெர்னியர் பிடிக்கவும் ஒரு வருஷம் சொல்லிக் கொடுத்தால், பதின்மூன்றாம் மாதம் அவன் ஒரகடம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அண்ணனுக்கு டாட்டா காட்டுவான். அவனைக் குறை சொல்ல முடியுமா? அங்கே கேன்டீன், யூனிஃபார்ம், பி.எஃப். எல்லாம் உண்டு. இப்போது அண்ணனிடம் ஒடிசாவிலிருந்து வந்த இரண்டு பையன்கள் இருக்கிறார்கள். அண்ணன் ஒரிய மொழியில் 'ஆஃப் பண்ணு' என்று சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டார். அது போதும் என்கிறார்.

இதையெல்லாம் அவர் சமாளித்துவிடுவார். அவரை உட்காரவைத்து அழவைப்பது வேறு ஒன்று. செய்து கொடுத்த வேலைக்குக் காசு வருவதில்லை. அதாவது... வரும். எப்போது வரும் என்பதுதான் விஷயம்.

கார் கம்பெனி நேராக அண்ணனிடம் வாங்காது. கார் கம்பெனிக்குப் பெரிய சப்ளையர், அவருக்கு நடுத்தர சப்ளையர், அவருக்கு அண்ணன். ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தலைமடைக்காரன் வயல் நிரம்பி வழிந்தால்தான் கடைமடைக்குத் தண்ணீர். அண்ணன் கடைமடை. அங்கே வந்து சேரும்போது தண்ணீரும் குறைந்திருக்கும், பருவமும் போயிருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பயப்படாதீர்கள், கூட்டல் கழித்தல்தான்.

அண்ணன் ஒரு மாதம் புஷ், பின், ஸ்பேசர் என்று மூன்று லட்ச ரூபாய்க்குச் செய்து கொடுக்கிறார். ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 54,000. ஆக பில் 3,54,000. இதில் அவருக்கு நூற்றுக்கு எட்டு ரூபாய் நின்றால் பெரிய விஷயம். அதாவது 24,000 லாபம். இரும்பு, கூலி, கரண்ட், வாடகை எல்லாம் 2,76,000. இரும்பு வாங்கும்போதே கட்டிய வரியும், அடுத்த மாதம் 20-ம் தேதிக்குள் ரொக்கமாகக் கட்டுவதும் சேர்த்து அந்த 54,000-மும் அவர் கையிலிருந்து போய்விடுகிறது. ஆக 3,30,000 வெளியே போயாயிற்று. உள்ளே? பூஜ்யம். ஏனென்றால், ஜி.எஸ்.டி. என்பது காசு வந்த பிறகு கட்டும் வரி இல்லை சார், பில் போட்டதற்குக் கட்டும் வரி. தேதி தவறினால் அதற்கும் வருஷத்துக்கு 18 சதவீதம் வட்டி. இந்த 18 நம்மை விடவே விடாது!

இந்த 3,30,000-க்கு அண்ணன் எங்கே போவார்? வங்கியில் ஏற்கெனவே மெஷின் கடன். ஆகவே அண்ணியின் நகை அடகுக் கடைக்குப் போகும். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி. பேமென்ட் மூன்று மாதம் கழித்து வந்தால் வட்டி 19,800. லாபம் 24,000-ல் அதைக் கழித்தால் மீதி 4,200 ரூபாய். ஒரு மாத உழைப்புக்கு! இன்னும் ஒரு மாதம் தள்ளிப் போனால் வட்டி 26,400. இப்போது அண்ணன் தன் கையிலிருந்து 2,400 ரூபாய் போட்டு அந்தக் கம்பெனிக்கு ஸ்பேசர் செய்து கொடுத்த புண்ணியவான் ஆகிவிடுகிறார். பெரிய கம்பெனிக்கு ஒரு லேத் பட்டறை வட்டியில்லாக் கடன் கொடுக்கிறது. அண்ணி கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருக்கிறது.

இதற்குச் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். பேஷாக இருக்கிறது. 1993-லேயே ஒன்று வந்தது. அது போதாதென்று 2006-ல் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் வந்தது. அதன்படி, குறு, சிறு தொழில்காரரிடம் சரக்கு வாங்கினால், எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில் காசு கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. போனால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. படிக்கும்போதே வயிறு குளிர்கிறது இல்லையா? புகார் கொடுக்க 2017-ல் 'சமாதான்' என்று இணையதளம் தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, திருச்சி, மதுரை என்று நான்கு இடங்களில் இதை விசாரிக்கவே கவுன்சில் உண்டு. 90 நாளில் முடிக்க வேண்டும். தீர்ப்பை எதிர்த்துக் கம்பெனி கோர்ட்டுக்குப் போனால் முதலில் 75 சதவீதத் தொகையைக் கட்டிவிட்டுத்தான் பேச வேண்டும்.

இவ்வளவையும் ஒரு மத்தியானம் அண்ணனுக்கு உட்கார்ந்து விளக்கினேன். அவர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "தம்பி, கேஸ்ல ஜெயிச்சா இன்னா கிடைக்கும்?" என்றார்.

"அசலும் வட்டியும் கிடைக்கும்ணே."

"அடுத்த ஆர்டர் கிடைக்குமா?"

பி.காம். சிலபஸில் இதற்குப் பதில் இல்லை.

"என் மூணு கஸ்டமர்ல ஒருத்தன் மேல கேஸ் போட்டா, மீதி ரெண்டு பேரும் சாயங்காலத்துக்குள்ள தெரிஞ்சிக்குவான். அப்புறம் நான் வட்டிய வெச்சிக்கினு லேத்தைச் சுத்தி சுத்தி வர வேண்டியதுதான்."

இது மத்திய அரசுக்கும் புரிந்திருக்கிறது. அதனால் 2023 பட்ஜெட்டில் ஒரு தந்திரம் செய்தார்கள். வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். குறு, சிறு தொழில்காரருக்குக் கெடு தாண்டியும் காசு கொடுக்காமல் வைத்திருந்தால், அந்தச் செலவை எந்த வருஷம் கொடுக்கிறாயோ அந்த வருஷம்தான் கணக்கில் கழிக்கலாம். பாக்கி வைத்தால் லாபம் ஏறும், வரியும் ஏறும். பட்டறைக்காரர் கேஸ் போட வேண்டாம், ஆடிட்டரே மிரட்டுவார்! இதைப் படித்தபோது, நிஜமாகவே எழுந்து நின்று கை தட்டலாம் போல இருந்தது.

முதல் முறையாக 2024 மார்ச் கடைசி வாரத்தில் அண்ணன் போன் செய்தார். "தம்பி, பேங்க்ல இருந்து மெசேஜ் மேல மெசேஜ் வருது. யாருனா தப்பா நம்ம அக்கவுன்ட்ல போட்டுட்டானுங்களா பாரு." தப்பு இல்லை, அவர் காசுதான். நவம்பர் பில், டிசம்பர் பில், ஜனவரி பில் எல்லாம் வந்திருந்தது. ஊரில் பட்டறைக்காரர்களுக்கு இப்போது தீபாவளி ஐப்பசியில் இல்லை. பங்குனியில்!

ஏன் மார்ச்சில் மட்டும்? ரகசியம் அங்கேதான் இருக்கிறது. ஏப்ரல் மாத பில்லை அடுத்த மார்ச் 31-க்குள் கொடுத்துவிட்டால் போதும், கம்பெனிக்கு வருமான வரியில் ஒரு பைசா நஷ்டம் இல்லை. 45 நாளைத் தாண்டி, இருநூறு நாளைத் தாண்டி, எப்போது கொடுத்தாலும் அதே வருஷத்துக்குள் கொடுத்ததாகத்தானே கணக்கு? ஆகவே பதினோரு மாதம் பழைய பாட்டு, பன்னிரண்டாம் மாதம் கச்சேரி.

போதாக்குறைக்கு இன்னொரு வேடிக்கை. அண்ணனின் கஸ்டமர்களில் ஒருவர் (பெயர் வேண்டாம், பெரிய இடம்) கூப்பிட்டு, "உங்களுக்கு உத்யம் பதிவு இருக்கா? அதை கேன்சல் பண்ணிடுங்களேன், பேப்பர் வொர்க் ஈஸியா இருக்கும்" என்றாராம், தேன் ஒழுக. 2020-லிருந்து சிறு தொழில்காரர் என்பதற்கு அத்தாட்சியே அந்த உத்யம் பதிவுதான். அது போனால் 45 நாள் பாதுகாப்பும் போச்சு. குடையை மடித்து வைத்துவிட்டு வந்தால் மழையில் கூட்டிப் போகிறேன் என்கிற கதை. அண்ணன் மடிக்கவில்லை. அந்த ஆர்டர் பாதியாகக் குறைந்தது.

என்னைக் கேட்டால் மருந்து வேறு இடத்தில் இருக்கிறது. அண்ணன் கட்டும் ஜி.எஸ்.டி.யை வாங்கிய கம்பெனி தன் வரியில் கழித்துக்கொள்கிறது. எப்போது? சரக்கும் பில்லும் வந்தவுடனே. அண்ணனுக்குக் காசு கொடுக்கும் முன்பே! 180 நாள் வரைக்கும் கொடுக்காவிட்டால்தான் கழித்ததைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று ஜி.எஸ்.டி. சட்டம் சொல்கிறது. ஒரு சட்டம் 45 நாள் என்கிறது, இன்னொரு சட்டம் 180 நாள் என்கிறது. எந்தக் கம்பெனி எதைப் பிடித்துக்கொள்ளும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த 180-ஐ 45 ஆக்கிப் பாருங்கள், புகார் பெட்டியே வேண்டாம். மாதா மாதம் ரிட்டர்ன் போடும்போது கம்பெனிக்கே சுருக்கென்று குத்தும். மத்திய நிதியமைச்சர் இந்தப் பத்திரிகையைப் படிப்பாரா தெரியவில்லை. ஆசிரியர் ஒரு பிரதி அனுப்பிவைத்தால் நல்லது. (என் பழைய கட்டுரைக்கான சன்மானத்தையும் அனுப்பிவைத்தால் இன்னும் நல்லது!)

அண்ணன் மட்டும் யோக்கியமா என்று ஒரு குரல் கேட்கிறது. ஹார்டுவேர் கடைக்காரருடையது. டூல் பிட், டிரில் பிட் எல்லாம் அவரிடம் அண்ணன் வாங்குவது கடனில்தான். அவர் வாங்கி விற்கும் வியாபாரி என்பதால் 45 நாள் சட்டமெல்லாம் அவருக்குக் கிடையாது. கடைமடைக்கும் கீழே ஒரு கடைமடை. போன மாதம் அவர் பட்டறை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியபோது அண்ணன் சொன்னதை நானே கேட்டேன். "பேமென்ட் அடுத்த வாரம்ணே!" அதே வார்த்தை, அதே இழுவை. மைக்ரான் பிசகவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் எத்தனை பேர் ஏதோ ஒரு கம்பெனியில் பில் பாஸ் செய்யும் சீட்டில் இருக்கிறீர்களோ, எனக்குத் தெரியாது. பர்ச்சேஸ் ஆர்டரில் ஒரு எண் மாறியிருக்கும். ஸ்டோரில் சரக்கு வந்த என்ட்ரி போடாமல் விட்டிருப்பார்கள். கையெழுத்துப் போட வேண்டியவர் திருப்பதி போயிருப்பார். உங்கள் டிரேயில் அந்த பில் பதினைந்து நாள் தூங்கும். அதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஒருநாள் போன் அடிக்கும். எதிர்முனையில் ஐம்பத்து மூன்று வயதுக்காரர் ஒருவர் உங்களைப் போய் "சார்... சார்..." என்பார். பின்னால் லேத் ஓடுகிற சத்தம் கேட்கும். அது எங்கள் அண்ணன்தான். பில்லை மட்டும் கொஞ்சம் மேலே எடுத்து வையுங்கள்.

போன ஜூனில் அண்ணனின் மகள் பிளஸ் டூ முடித்தாள். நல்ல மார்க். "இன்ஜினீயரிங்தானே?" என்று கேட்டேன். பட்டறையைப் பார்த்துக்கொள்வாளே என்ற எண்ணத்தில்.

"இல்ல தம்பி, பி.காம்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "என்னைப் பார்த்தாண்ணே?" என்றேன்.

"உன்னைப் பார்த்தா பி.காமே வேணாம்னு தோணுது" என்றார் அண்ணன். "எந்தக் கம்பெனியிலயாவது பேமென்ட் போடற செக்‌ஷன்ல நம்மாளுன்னு ஒருத்தர் உட்காரணும். அதுக்குத்தான்."