வத்தளைச் சேமக்காலையில் ஒரு மாலைப்பொழுது

கொழும்பு மாநகரின் வட எல்லையில் களனி கங்கை ஓடுகின்றது. இக்கரையில் கொட்டாஞ்சேனையும் பாலத்துறையும். அக்கரையில் பேலியகொடையைக் கடந்தால் வத்தளை. 1822ஆம் ஆண்டு முதல் தோணிகளைப் பிணைத்து அமைத்த பாலத்தின் மீது மக்கள் இந்நதியைக் கடந்தனர். 1895இல் விக்டோரியாப் பாலம் எழுந்தது. 2021இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் இன்று வாகனங்கள் விரைகின்றன. நதியைக் கடப்பது எளிதாயிற்று. ஆயினும் மனிதர் கடக்கவேண்டிய துயரநதி ஒன்று உண்டு; அதற்குப் பாலம் எது என்பதை வத்தளையிலே கண்டோம்.

மேற்கே ஹமில்டன் கால்வாயும் கடலும், வடக்கே முத்துராஜவெலச் சதுப்பு நிலமும், நடுவே நீர்கொழும்பு வீதியுமாக அமைந்தது இவ்வூர். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அயலவராய் வாழ்கின்றனர். கொட்டாஞ்சேனையின் லூசியாள் பேராலயத்து மணியோசையைக் கேட்டு வளர்ந்து, பின்னர் இங்கு வந்து குடியேறிய தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களும் உள. வத்தளையின் ஆலயம் ஒன்று அன்னம்மாள் பெயரைத் தாங்கியது. அன்னம்மாள் தேவமாதாவைப் பெற்ற தாய் என்பது திருச்சபையின் மரபு. தாய்க்கும் தாயானவளின் பெயரில் கோயில் கொண்ட ஊரில் தாயன்பைப் பற்றிப் பேசுவது பொருத்தமே.

துயரமும் இவ்வூருக்குப் புதிதன்று. தெற்கே கொழும்புக் கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலம்; வடக்கே நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம்; இரண்டுக்கும் இடையே வத்தளை. 2019 ஏப்ரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, அவ்விரு ஆலயங்களிலும், மட்டக்களப்புச் சீயோன் ஆலயத்திலும், கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 260 பேருக்கு மேல் மாண்டனர். தாயை இழந்த பிள்ளைகள் எத்தனை பேர்! பிள்ளையை இழந்த தாய்மார் எத்தனை பேர்! கட்டுவாப்பிட்டியிலே, இரத்தம் தெறித்த உயிர்த்த யேசுநாதரின் சுரூபத்தைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துக் காத்து வருகின்றனர். இரத்தத்தைத் துடைக்கவில்லை, சுரூபத்தை அகற்றவுமில்லை. துயரமும் நம்பிக்கையும் ஒரே உருவில் அங்கே நிற்கின்றன.

நவம்பர் 2ஆந் திகதி மரித்தோர் தினம். அன்று சேமக்காலைக்குச் சென்றால், புல் செதுக்கிச் சுண்ணாம்பு பூசிய கல்லறைகளின் மீது மலர்களும் மெழுகுதிரிகளும் நிறைந்திருக்கக் காணலாம். குருவானவர் தீர்த்தம் தெளித்து மந்திரித்துச் செல்கிறார். அத்தகைய மாலையொன்றில், ஒரு தாயின் கல்லறையருகே நின்ற குடும்பத்தாரைக் கண்டோம். மகள் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தாள். அதன் திரையில், கனடாவிலிருந்து அவளுடைய தமையன்.

“இன்னும் கொஞ்சம் கிட்டக் காட்டு, தங்கச்சி” என்றது குரல். பின்பு விம்மல்.

“அழாதை, தம்பி. கொம்மா செபமாலையைக் கையை விட்டுக் கீழை வைக்காத மனுசி. அவ மோட்சத்திலைதான் இருக்கிறா” என்றார் அருகில் நின்ற மாமி.

“அது தெரியும் மாமி. ஆனா நான் வந்து ஒரு பிடி மண் போடேல்லையே!”

மாமியிடம் மறுமொழி இல்லை. நாமும் வாயடைத்து நின்றோம். தாய் இறைவனிடம் சென்றாள் என்று நம்புகிறவன் அழலாமா? அடக்கத்துக்கு வர இயலாமற்போன மகனுக்கு ஆறுதல் உண்டா? கடல் கடந்து வாழும் நம்மவர் எத்தனையோ பேருடைய கேள்விகள் இவை.

முதற் கேள்விக்கு விடை இதே வீதியில் இருக்கின்றது. நீர்கொழும்பைக் கடந்து போனால் போலவத்தை என்னும் ஊர் வரும். கோவையிலே, அதாவது கோவாவிலே, பிறந்து 1705இல் இலங்கை வந்து தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றிய யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார் 1742இல் மரித்தது அங்கேதான். அவர் எழுதிய வியாகுலப் பிரசங்கத்தைத் தபசு காலத்தில் இன்றும் தமிழ்க் கத்தோலிக்கர் உருக்கமாய்ப் பாடுகின்றனர். சிலுவையடியில் நின்ற தாயின் துயரத்தைப் பாடக் கற்பித்த சமயம், மகனின் கண்ணீரை எவ்விதம் மறுக்கும்? லாசருவின் கல்லறையருகே யேசுநாதரே கண்ணீர் விட்டார் அல்லவா? நம்பிக்கையற்றவரைப் போலத் துயருற வேண்டாமென்றே பவுல் அப்போஸ்தலர் எழுதினார். துயரமே கூடாதென்று எழுதவில்லை.

இரண்டாம் கேள்விக்கு விடை தருபவள் வட ஆபிரிக்காவின் தகாஸ்தே நகரத்து மோனிக்கா. வழிதவறிய மகன் அகுஸ்தீனுக்காகப் பல்லாண்டு அழுது செபித்தவள் அவள். 387ஆம் ஆண்டு உயிர்த்த திருநாளில் மிலான் நகரில் மகன் ஞானஸ்நானம் பெற்றான். அவ்வாண்டிலேயே, தாயகம் திரும்பும் வழியில், உரோமைக்கு அருகிலுள்ள ஓஸ்தியாத் துறைமுகத்தில் அவள் காய்ச்சலுற்றாள். கணவனின் கல்லறையருகே தன்னையும் அடக்கவேண்டுமென்பது அவளுடைய நெடுநாள் ஆசை. ஆனால் இறுதி நாட்களில் அவ்வாசையையும் விட்டாள். உடலை எங்கேயும் அடக்கலாம், கடவுளுக்கு எவ்விடமும் தூரமன்று என்றாள். பிள்ளைகளிடம் அவள் கேட்டது ஒன்றே: எங்கிருந்தாலும் ஆண்டவரின் பீடத்தருகே தன்னை நினைக்கவேண்டும். ஐம்பத்தாறாம் வயதில் உயிர் பிரிந்தது.

விசுவாசமுள்ள தாயின் மரணத்துக்கு அழுவது தகாதென்று எண்ணிய அகுஸ்தீன் கண்ணீரை அடக்கினார். குளித்தால் துயர் தீருமென்று குளித்துப் பார்த்தார், தீரவில்லை. துயின்றெழுந்த பின்னரே இறைவன் முன் தனிமையில் அழுதார். அழுதபின் இளைப்பாறினார். அவற்றையெல்லாம் மறைக்காமல் தம் ‘பாவசங்கீர்த்தனம்’ என்னும் நூலில் எழுதி, வாசிப்போரும் தம் பெற்றோரைப் பீடத்தருகே நினைக்குமாறு வேண்டினார். 1945இல் ஓஸ்தியாவிலே, விளையாட்டுக்காகக் கம்பம் நடக் குழி தோண்டிய சிறுவர் இருவர் மோனிக்காவின் கல்லறைச் சாசனத்தின் துண்டொன்றைக் கண்டெடுத்தனர். கல் உடைந்து மண்ணுள் கிடந்தது. அவள் கேட்ட நினைவோ உடையாமல் நிலைத்தது.

ஆகையால், மண் போட வர இயலாத மகனுக்குச் சொல்லத்தக்கது இதுவே. தாய் கேட்பது ஒரு பிடி மண்ணை அன்று, ஒரு நினைவை. தொரொன்ரோவில் ஆயினும் இலண்டனில் ஆயினும், அவள் மரித்த நாளில் ஒரு பூசை ஒப்புக்கொடுக்கலாம். இரவில் பிள்ளைகளை அருகிருத்தி, பாட்டி சொன்ன அதே செபமாலையைச் சொல்லலாம். ஓர் ஏழைக்கு அவள் பெயரால் உணவளிக்கலாம். கண்ணீர் வந்தால் வரட்டும். அது அன்பின் கடன். செபம் நம்பிக்கையின் கடன். இரண்டையும் செலுத்துகிற பிள்ளைக்கு வத்தளைச் சேமக்காலை தொலைவில் இல்லை.