பாலைவனத்தில் ஒரு வெள்ளிச் சிமிழ்

அமெரிக்காவின் அரிஸோனாப் பாலைவனத்தில், டூஸான் நகருக்கு அருகே, மோட்டாரின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் சிறு வண்டி வீடு ஒன்றைக் கண்டேன். 1961-ம் வருஷத்து 'ஏர்ஸ்ட்ரீம் பாம்பி'. நீளம் 16 அடி. மேனியெல்லாம் அலுமினியத் தகடு. பார்வைக்கு வெள்ளிச் சிமிழ்தான். ஆனால் ஜூன் மாதத்து உச்சி வேளையில் உள்ளே கால் வைத்தால், அடுப்பில் ஏற்றிய சிமிழ்!

அதில் வசித்த வயோதிகத் தம்பதிகளிடையே ஒரு வழக்கு. கூரையை அறுத்துப் பெரிய குளிர்சாதன யந்திரம் பொருத்த வேண்டுமென்பது கணவரின் கட்சி. "அறுத்த கூரை மறுபடி பழைய கூரை ஆகுமா?" என்பது அம்மாளின் கேள்வி.

அம்மாள் ஜன்னலில் வைத்திருந்தது தண்ணீரால் குளிர்விக்கும் பெட்டி. நனைந்த மெத்தை வழியே விசிறி காற்றை இழுக்கிறது. நீர் ஆவியாகும்போது உஷ்ணத்தைக் கவர்ந்து கொள்கிறது. நம் மண்பானையின் சூட்சுமமேதான்! வறண்ட காற்று 40 டிகிரியிலிருந்து 25-க்கு அருகே இறங்கிவிடும். 12 வோல்ட் பாட்டரியே போதும். ஈரக் காற்று வெளியேற எதிர் ஜன்னலைச் சற்றுத் திறந்து வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

"ஜூலையில் என்ன செய்வாய்?" என்றார் கணவர். அம்மாள் மௌனமானார். அப்போது தெற்கேயிருந்து ஈரக் காற்று வந்து மழை கொட்டும். ஈரம் நிறைந்த காற்றில் நீர் எளிதில் ஆவியாவதில்லை. விசிறி சுழலும், புழுக்கமே மிஞ்சும்.

கடைசியில் சமரசம் ஏற்பட்டது. மழை மாதங்களுக்கு மட்டும் அதே ஜன்னலில் சிறியதொரு குளிர்சாதன யந்திரம். அந்நாட்களில் மின்சார வசதியுள்ள இடங்களிலேயே தங்குவது. கூரை தப்பியது!

யந்திரத்தின் பலத்தை விசாரிக்குமுன் காற்றின் குணத்தை விசாரிக்க வேண்டும் என்பதை அன்று அறிந்தேன்.