பஸ் டிரைவராகப் போகலாமா?

நாற்பது வயதுக்கு மேல் உத்தியோகத்தை மாற்றிக்கொள்ளும் யோசனை ஒருவனுக்குத் தோன்றினால், அதைச் சில நாள் மனத்துக்குள்ளேயே வைத்துக்கொள்வது க்ஷேமம். வெளியே சொன்னால், இவனை ஜோசியரிடம் அழைத்துப் போவதா, வைத்தியரிடம் அழைத்துப் போவதா என்று வீட்டில் விவாதம் கிளம்பிவிடும். அதிலும், "பஸ் டிரைவராகப் போகலாமென்று பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டால் கேட்கவே வேண்டாம். எனக்கு இது சொந்த அனுபவமாகையால் நேயர்களிடம் சொல்லத் துணிகிறேன்.

நான் இருப்பது பொள்ளாச்சியில். பத்தொன்பது வருஷ காலமாக ஒரு தென்னை நார் வியாபார ஸ்தாபனத்தில் கணக்கெழுதி வருகிறேன். 'எழுதி' என்பது பழைய வழக்கத்தால் வந்த வார்த்தை. பேரேடு போய்க் கம்ப்யூட்டர் வந்து வெகு காலமாயிற்று. இந்த வருஷம் அந்தக் கம்ப்யூட்டருக்கு இன்னும் கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் வந்து சேர்ந்தது. ஐந்து பேர் செய்த வேலைக்கு இரண்டு பேர் போதும் என்று முதலாளிக்குத் தோன்றிவிட்டது. போகவேண்டிய மூவரில் நானும் ஒருவன். மூன்று மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். வீட்டுக் கடன் தீர இன்னும் ஏழு வருஷம் இருக்கிறது. ஆகவே இது என் ஆசை மாத்திரம் சம்பந்தப்பட்ட விஷயமல்ல, அடுப்பும் சம்பந்தப்பட்டது.

ஆனாலும் ஆசை இருந்தது என்பதை மறைப்பானேன்? பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குப் போகும் பஸ்ஸில் முன்புறத்து இடம் கிடைத்தால், ஆழியாறு தாண்டியபின் நான் ஜன்னல் பக்கம் திரும்புவதே இல்லை. அந்த மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 40. ஒவ்வொரு வளைவிலும் டிரைவரின் இரண்டு கைகளும் அந்தப் பெரிய சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பிறகு அதைத் தானாகவே திரும்பி வரவிடும் அழகை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. பேரேட்டில் அந்த மாதிரி அழகை நான் கண்டதில்லை.

விஷயத்தை வீட்டில் வெளியிட்டதும் முதல் ஆட்சேபணை என் தாயாரிடமிருந்து வந்தது. "பி.காம். படிச்சுப்போட்டு பஸ் ஓட்டப் போறயா கண்ணு? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" என்றார்கள். நாலு பேருக்குப் பதில் சொல்வதற்காகவே சரித்திரத்தைப் புரட்டினேன். மதுரையில் 1912-ம் வருஷம் மோட்டார் பஸ் விட்ட டி. வி. சுந்தரமய்யங்கார் அதற்கு முன் வக்கீல் தொழில் பார்த்தார், ரயில்வேயில் வேலை பார்த்தார், பாங்கியிலும் இருந்தார். நம் ஜி. டி. நாயுடுவோ கோயம்புத்தூரில் ஓட்டல் சிப்பந்தியாக இருந்து பணம் சேர்த்தவர். 1920-ம் வருஷம் ஒரு பஸ் வாங்கி, இதே பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தம் கையாலேயே ஓட்டினார்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "அவுங்கல்லாம் சொந்தமா வண்டி வச்சிருந்தவுங்க" என்றார்கள் அம்மா. வாஸ்தவந்தான். வண்டிக்குச் சொந்தக்காரன் ஸ்டியரிங்கைப் பிடித்தால் அது முயற்சி. சம்பளக்காரன் பிடித்தால் அது பிழைப்பு என்று உலகம் பிரித்து வைத்திருக்கிறது. ஐம்பது பேரைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் காரியம் இருவருக்கும் ஒன்றே அல்லவா?

என் மகள் வேறு விதமாகப் பேசினாள். கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993-ம் வருஷத்திலேயே தமிழ்நாட்டு அரசு பஸ்ஸை ஓட்டத் தொடங்கிய முதல் பெண்மணி என்று எடுத்துக் காட்டி, "உங்களுக்கு என்னப்பா பயம்?" என்றாள். குழந்தை தைரியம் சொல்வதற்காகவே கேட்டாள். ஆனால் பயம் இருக்கத்தான் வேண்டுமென்று எனக்குப் பிறகு தெரிந்தது.

சர்க்காரின் நிபந்தனைகளை விசாரித்தேன். இலகுரக வாகன லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷமாவது ஆகியிருக்கவேண்டும். வயது இருபது நிறைந்திருக்கவேண்டும். வைத்தியர் கண்ணையும் காதையும் உடம்பையும் பரீட்சித்து நற்சாட்சி கொடுக்கவேண்டும். முன்பெல்லாம் எட்டாம் வகுப்புப் படிப்பும் கேட்டார்கள். 2019-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். ஆகவே, என் தாயார் மிகவும் மதிக்கும் பி.காம். பட்டம் இந்த விஷயத்தில் எனக்கு அநுகூலமும் அல்ல, பிரதிகூலமும் அல்ல. அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் வயது வரம்பை நான் கடந்துவிட்டபடியால் தனியார் பஸ்தான் எனக்குக் கதி.

பிறகு எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பெரியவரிடம் போனேன். முப்பது வருஷத்துக்கு மேல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். என்னை உட்காரவைத்து, டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "வண்டி ஓட்டறது சீக்கிரம் வந்துரும் தம்பி. நிறுத்தறதுதான் வருஷக்கணக்காகும்."

அன்று அவர் சொல்லிக் கொடுத்ததெல்லாம் நிறுத்துவதைப் பற்றியே. பெரிய பஸ்ஸின் பிரேக் காற்றின் அழுத்தத்தால் வேலை செய்கிறது. காலையில் வண்டியைக் கிளப்பினால், அழுத்தம் போதிய அளவு ஏறும்வரை நகர்த்தலாகாது. மலை இறக்கத்தில் பிரேக்கையே நம்பி மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். ஆகையால், ஏறும்போது எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கி, எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்படி செய்யவேண்டும். குறுகிய மலைப்பாதையில் எதிரே ஏறிவரும் வண்டிக்கு இறங்குகிறவன்தான் வழி விடவேண்டும்.

வீட்டுக்கு வந்து, கணக்குப் பிள்ளையின் புத்தியோடு காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டேன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகமென்றால் விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். குழந்தை ஒன்று சாலையில் ஓடி வருவதைக் கண் பார்த்து, மனம் அறிந்து, கால் பிரேக்கைத் தொடுவதற்கு ஒரு விநாடி ஆகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் சற்றும் குறையத் தொடங்கும் முன்பே பஸ் தன் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரம் போயிருக்கும்! அதைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

கணக்கில் பிழை வந்தால் அதற்குப் பரிகாரம் உண்டு. 540 என்பதை 450 என்று எழுதிவிட்டால், மாதக் கடைசியில் இரு பக்கமும் ஒத்து வராது. வித்தியாசத் தொகை ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று அநுபவஸ்தர்கள் உடனே ஊகித்துவிடுவார்கள். தேடிப் பிடித்து ஒரு வரி திருத்தம் எழுதினால் தீர்ந்தது, யாருக்கும் காயமில்லை. பஸ்ஸில் அந்தத் திருத்த வரி கிடையாது. இத்தனை காலம் திருத்தக்கூடிய வேலையைச் செய்தவனுக்கு மேசையும் நாற்காலியும் கௌரவமும் கொடுத்தோம். திருத்த முடியாத வேலையைச் செய்கிறவனைச் 'சாதாரண டிரைவர்' என்றோம். இந்த மரியாதைக் கணக்கில்தான் இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றன என்று எனக்குப் பட்டது.

டிரைவரின் தேகத்துக்கும் இந்த வேலையால் நஷ்டம் உண்டு. லண்டன் பஸ் சிப்பந்திகளை ஆராய்ந்த ஜெர்ரி மாரிஸ் என்னும் வைத்தியர், உட்கார்ந்தே இருக்கும் டிரைவர்களுக்கு, மாடிப்படி ஏறி இறங்கும் கண்டக்டர்களைவிட இருதய நோய் அதிகமென்று 1953-ல் வெளியிட்டார். 1956-ல் அவரும் சகாக்களும் சீருடை அளவுகளையும் பார்த்தார்கள். டிரைவர்களின் இடுப்புச் சுற்றளவே கண்டக்டர்களைவிடப் பெரிதாக இருந்தது. என்னைப் பொறுத்தவரை, நாற்காலியின் உபயத்தால் அந்த இடுப்பை இப்போதே சம்பாதித்துவிட்டேன். விடியற்காலையில் ஒரு மணி நேரம் நடக்கத் தொடங்கியிருக்கிறேன்.

தூக்கம் மற்றொன்று. 1961-ம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி நேர வேலை என்றும், 5 மணி நேரத்துக்குள் அரைமணி ஓய்வு என்றும் பொதுவாக வகுத்தது. தூங்காத டிரைவர் பிரயாணிகளுக்கு ஆபத்து என்பதைச் சட்டம் செய்தவர்கள் அறிந்திருந்தார்கள். நாம்தான், பஸ் ஐந்து நிமிஷம் தாமதமானால் டிரைவரைக் கோபிக்கிறோம்.

இவ்வளவு நாளும் என் மனைவி எதுவும் சொல்லவில்லை. ஒரு நாள் இரவு பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டு வந்து, "ஏனுங்க, தீபாவளிக்கு நீங்க வீட்ல இருப்பீங்களா?" என்று கேட்டாள். சம்பளம் கேட்கவில்லை, நாலு பேர் கேட்கவில்லை. ஊரெல்லாம் வீடு போய்ச் சேரும் நாளில், சேர்க்கிறவன் சாலையில் இருப்பான் என்பதை அவள் ஒருத்திதான் கண்டுபிடித்தாள். "இருக்க மாட்டேன்" என்றேன். உண்மையைச் சொல்வதுதான் நியாயமாகப் பட்டது.

தீர ஆலோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். வைத்தியர் பார்த்துவிட்டார், கண்ணாடி அணிந்துகொண்டால் பார்வைக்குக் குறைவில்லையாம். அடுத்த வாரம் கனரக வாகனப் பயிற்சியில் சேருகிறேன். லைசென்ஸ் கிடைத்த பின்பும், பெரியவர் போதும் என்று சொல்லும்வரை பிரயாணிகளை ஏற்றுவதில்லை. அதுவரை சரக்கு லாரிதான். பிறகு சமவெளிப் பாதை. வால்பாறையை நினைக்கச் சில வருஷங்களாவது போகவேண்டும். கைப்பழக்கம் வந்தபின்பும் அந்த 17 மீட்டரை மறக்கலாகாது என்பது எனக்கு நானே விதித்துக்கொண்ட நிபந்தனை.

எங்கள் வீட்டில் தீபாவளியை ஒரு நாள் முன்னதாகவே வைத்துக்கொள்ள மனைவி சம்மதித்துவிட்டாள். அம்மா மாத்திரம் இன்னும் பக்கத்து வீட்டாரிடம் சொல்லவில்லை.