வெற்றுக் கோதுகள்

பத்திரிகைத் தொழிலில் நான் அதிகம் எழுதிய சொற்களுள் 'வெற்றுக் கோதுகள்' என்பதும் ஒன்று. சம்பவ இடத்திலிருந்து ரி-56 ரகத் துப்பாக்கியின் வெற்றுக் கோதுகள் மீட்கப்பட்டதாகப் பொலிஸார் தெரிவித்தனர் என்ற வாக்கியத்துடன் முடிந்த செய்திகள் எத்தனையோ. வெடித்து முடிந்த ரவையின் கோது எங்களைப் பொறுத்தவரையில் ஒரு தடயம். பையில் இடப்பட்டு, இலக்கமிடப்பட்டு, அரச இரசாயனப் பகுப்பாய்வாளரிடம் செல்லவேண்டிய பொருள். அதனைக் கழுவிக் காயவைத்து மீண்டும் பயன்படுத்துகின்ற ஓர் உலகமும் உண்டு என்பதை, அமெரிக்காவில் வாழும் பல்கலைக்கழக நண்பர் ஒருவரின் வீட்டிலேதான் முதன்முதலில் கண்டேன்.

நண்பர் இலக்குச் சுடுதலில் ஈடுபாடு கொண்டவர். ஒரு ரவையின் பாகங்களுள் விலை கூடியது பித்தளைக் கோதுதான். ஆகவே அந்நாட்டுச் சுடுநர்கள் பலர் சுடுதளத்தில் விழும் கோதுகளைப் பொறுக்கிவந்து மீள நிரப்புகின்றனர். அதற்கு முன்னர் அவற்றைச் சுத்தம் செய்யவேண்டும். நண்பரின் வாகனக் கொட்டகையில் அதற்கென ஒரு சிறிய உருக்குத் தொட்டி இருந்தது. நகைக்கடைகளிலும் மூக்குக்கண்ணாடிக் கடைகளிலும் பயன்படும் அதே கழியொலிச் சுத்திகரிப்பான்தான்.

மனிதக் காது விநாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியைக் கேளாது. இத்தொட்டி விநாடிக்கு ஏறத்தாழ 40,000 அதிர்வுகளைத் தண்ணீரில் எழுப்புகின்றது. அதனால் எண்ணற்ற நுண்குமிழிகள் தோன்றித் தோன்றி உடைகின்றன. ஒவ்வொரு குமிழியும் உடையும்போது அருகிலுள்ள கரியைப் பெயர்க்கின்றது. தூரிகை நுழையமுடியாத கோதின் உட்புறம்கூட இவ்வாறு சுத்தமாகிவிடும். தண்ணீரில் சிறிது சவர்க்காரத் திரவமும் சித்திரிக் அமிலமும் சேர்க்கப்படும். "எங்கட அம்மாமார் பழப்புளி போட்டுக் குத்துவிளக்கு மினுக்கின வேலைதான் மச்சான் இது" என்றார் நண்பர். அமிலத்தில் அதிக நேரம் கிடந்தால் கோது இளஞ்சிவப்பாகும். 70 வீதம் செம்பும் 30 வீதம் துத்தநாகமும் கொண்ட அப்பித்தளையின் மேற்பரப்பிலிருந்து துத்தநாகம் கரைந்து செம்பு வெளித்தெரிவதே அதற்குக் காரணம்.

ரவையைப் பற்றவைக்கும் பிறைமரில் பெரும்பாலும் ஈயச் சேர்வை இருக்கும். கோதுகளை உலர்முறையில் உருட்டிச் சுத்தம் செய்தால் அந்த ஈயம் தூசியாக எழுந்து சுவாசத்துடன் கலக்கும். தண்ணீர் அதனைத் தன்னுள் பிடித்துவைக்கிறது. எனவே நண்பர் கையுறை அணிந்தே வேலை செய்கிறார். அழுக்குத் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றுவதுமில்லை.

அமோனியா கலந்த மினுக்கியை அவர் கிட்டவும் அண்டவிடுவதில்லை. அதன் பின்னணி நமது பிராந்தியத்துடன் தொடர்புடையது. 19ஆம் நூற்றாண்டில் பிரித்தானிய இந்தியப் படையினர் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த ரவைகளின் பித்தளைக் கோதுகள் தாமாகவே வெடிப்புக் கண்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அமோனியாவும், கோதை இழுத்து வார்ப்பாக்கியபோது உலோகத்தினுள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்தே இதனை விளைவித்தன என்பது 1921இல்தான் விளக்கப்பட்டது.

அந்த இறுக்கத்தை எந்தக் கழுவலும் போக்காது. சுடும்போதெல்லாம் கோது விரிகிறது. மீள நிரப்புவதற்காக அதனைப் பழைய அளவுக்கு நெரிக்கிறார்கள். விரிந்தும் நெரிந்தும் உலோகம் கடினமாகி, ஒருநாள் கழுத்துப் பகுதியில் பிளக்கும். அல்லது அடிப்பகுதிக்குச் சற்று மேலே உட்புறம் தேய்ந்து அறுந்துபோகும். அப்படிப்பட்ட கோது துப்பாக்கியினுள் வெடித்தால் சுடுபவரின் முகத்துக்கே ஆபத்து. கரி படிந்த கோதில் இவ்வெடிப்புகள் தெரிவதில்லை. நண்பர் ஒவ்வொரு கோதையும் வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்து, ஐயம் எழுந்தவற்றை நசுக்கி எறிந்துகொண்டிருந்தார். தொட்டியிலிருந்து வந்த கோதுகள் பளபளக்கவில்லை. அதுபற்றி அவருக்குக் கவலையுமில்லை. குறையைக் காண்பதற்காகவே அவர் கழுவுகிறார்.

எங்கள் பக்கத்தில் குறையைக் காண்பதற்குக் கழுவாமல் வைத்திருக்கவேண்டும். 1929ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆம் திகதி சிக்காகோவில் ஏழு பேர் கொல்லப்பட்டபோது, கால்வின் கொடார்ட் என்ற நிபுணர் கோதுகளை நுணுக்குக்காட்டியில் ஒப்பிட்டு அவை இரண்டு தொம்சன் துப்பாக்கிகளிலிருந்து வந்தவை எனக் கண்டறிந்தார். துப்பாக்கியின் ஊசி பதிக்கும் வடு பிறைமரிலேயே விழுகிறது. மீள நிரப்புபவர் முதலில் கழற்றி எறிவதும் அதனைத்தான்.

நான் எழுதிய கோதுகள் கழுவப்படுவதற்கு உதவாதவை. ரி-56இன் சீன ரவைகளுக்குப் பெரும்பாலும் இரும்புக் கோதுகளே. அவற்றை மீள நிரப்புவோர் அரிது. ஆயினும் தடயங்கள் வேறு வழிகளில் கழுவப்படலாம்.

2006ஆம் ஆண்டு மே 2ஆம் திகதி யாழ்ப்பாணம் 'உதயன்' அலுவலகத்தினுள் புகுந்த ஆயுததாரிகள் சுட்டதில் ஊழியர்கள் இருவர் கொல்லப்பட்டனர். சுவர்களில் சன்னங்கள் துளைத்த வடுக்களைச் சகபாடிகள் பூசி மறைக்காமல் விட்டுவைத்தனர். அக்கொலைக்காக இன்னார் தண்டிக்கப்பட்டனர் என்ற செய்தியை எழுதும் வாய்ப்பு இன்றுவரை எனக்குக் கிட்டவில்லை.