சுயவாகனம்

தியானப் பகுதி: லூக்கா 10:25-37

கர்த்தருக்குள் பிரியமானவர்களே,



இவ்வாரம் ஒரு சிறிய காரைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். வெளிநாட்டிலுள்ள மகன் வீட்டுக்குச் சென்றிருக்கும் நம் சபையார் ஒருவர், ஓடாமல் நின்றால் வண்டி கெட்டுவிடும் என்று சொல்லி, தம்முடைய 2012ஆம் ஆண்டு நானோ காரை என்னிடம் ஒப்படைத்துச் சென்றார். தை மாத அறுவடைக் காலத்தில் ஆறு வாரங்கள் அதில்தான் ஊழியத்துக்குச் சென்று வந்தேன்.

நம் பகுதிச் சாலைகளை நீங்கள் அறிவீர்கள். தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குச் சுமார் 13 கிலோமீட்டர்தான். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைக் கடந்துவிடுகிறோம். கிராமங்களுக்குத் திரும்பினால் ஆற்றங்கரையே சாலை; ஒருபுறம் வாய்க்கால், மறுபுறம் வயல். சம்பா அறுவடையானதும் சாலையின் ஒரு பாதி நெல் காயும் களமாகிவிடும். மறுபாதியில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் எதிரே வரும். அந்நேரத்தில், மூன்று மீட்டருக்குச் சற்றே கூடுதலான நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமும் உள்ள வண்டியின் அருமை தெரியும். காயும் நெல்லின்மேல் சக்கரம் ஏறாமல் ஒதுங்கி நிற்க இடம் கிடைக்கிறது. ஊர்க்கோடி ஆலயத்தின் சிறிய முற்றத்திலும் சிரமமின்றித் திருப்பிவிடலாம்.

பவர் ஸ்டீயரிங் இல்லை. ஆயினும் கை வலிக்கவில்லை. இரண்டு சிலிண்டர் கொண்ட 624 சி.சி. எஞ்சின் பின்புறம் இருக்கிறது. ஆட்டோ ஒன்று விடாமல் பின்தொடர்வதுபோல் அதன் ஓசை கேட்டுக்கொண்டே வரும். பெட்ரோல் பங்கில் வேலை செய்யும் தம்பி மூடியைத் தேடிப் பின்பக்கம் போவார். முன்மூடியைத் திறந்து காட்டினால் சிரிப்பார். பின்கதவு திறவாது, நற்கருணைப் பாத்திரப் பையை வைக்கப் பின் இருக்கையை மடக்க வேண்டும். மழைத்துடைப்பான் ஒன்று, ஒவ்வொரு சக்கரத்துக்கும் மூன்று நட்டுகள். திருச்சி நெடுஞ்சாலையில் பெரிய பேருந்து கடந்து போனால் வண்டி சற்று அசையும். அது விரைவுக்காகப் பிறந்த வண்டியன்று.

ஆனால் ஒரு காரியம் என்னை வியக்கச் செய்தது. இருக்கை உயரமாக அமைந்திருக்கிறது, கூரையும் உயரம். முழங்கால் வலியால் மாதக்கணக்கில் ஆலயத்துக்கு வராதிருந்த ஒரு பாட்டியம்மா, குனியாமல் ஏறி அமர்ந்து, "நாற்காலியில உட்கார்ந்த மாதிரி இருக்குதுங்க ஐயா" என்றார். அந்த ஆறு வாரங்களில் ஒரு ஞாயிறுகூட அவர் ஆராதனைக்கு வரத் தவறவில்லை.

இந்த வண்டி பிறந்த கதை பலருக்குத் தெரிந்ததே. ஒரு குடும்பம் முழுவதும் ஒரே இருசக்கர வாகனத்தில் நெருக்கி அமர்ந்து, மழையில் நனைந்த சாலையில் போவதை ரத்தன் டாடா கண்டார். இவர்கள் பத்திரமாகப் போக ஒரு வழி வேண்டாமா என்ற எண்ணமே நானோவானது. 2008ஆம் ஆண்டு ஜனவரி 10 அன்று டெல்லியில் அதை அறிமுகம் செய்தபோது, ஒரு லட்சம் ரூபாய் விலை என்ற செய்தி உலகமெங்கும் பேசப்பட்டது. ஆனால் 2018ஆம் ஆண்டிலேயே அதன் தயாரிப்பு ஏறக்குறைய நின்றுபோயிற்று.

காரணங்கள் பல. மேற்கு வங்கத்துச் சிங்கூரில் எழுந்த நிலப் போராட்டத்தால் தொழிற்சாலை குஜராத்தின் சானந்துக்கு இடம் மாறியது. அதனால் தாமதம் நேர்ந்தது. ஆயினும், 'எல்லாவற்றிலும் மலிவான கார்' என்று பெயர் விழுந்ததே பெரிய கேடு என்று ரத்தன் டாடாவே பிற்காலத்தில் வருந்தினார். யாருக்காக அது செய்யப்பட்டதோ, அவர்களே அதை வாங்கத் தயங்கினார்கள். மலிவானதில் வந்து இறங்கினால் அயலார் என்ன நினைப்பார்கள்? மழையில் நனைவதைவிட அந்தப் பார்வை அவர்களுக்குக் கடினமாயிருந்தது. இரக்கத்தால் உருவானது வெட்கத்தால் தள்ளப்பட்டது.

பிரியமானவர்களே, இந்த வெட்கம் நமக்கு அந்நியமானதா? திருமணப் பேச்சில் மாப்பிள்ளைக்குக் கார் என்று கேட்பதும், சிறிய காராய் இருந்தால் குடும்ப மரியாதை என்னாவது என்று பெண்ணைப் பெற்றவர் இரண்டு மா நிலத்தை விற்பதும் நம் ஊர்களில் நடக்கின்றன. வரதட்சணை பாவம் என்று பலமுறை பிரசங்கித்திருக்கிறேன்; இங்கும் சொல்லுகிறேன். பாட்டன் உழுத நிலத்தை நான்கு சக்கரங்களுக்காக இழந்தபின், அந்தக் கார் வாசலில் நிற்பதைக் கண்டு அந்தத் தகப்பன் எப்படி மகிழுவார்?

இப்போது நம் தியானப் பகுதிக்கு வாருங்கள். எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் வழியில் ஒருவன் குற்றுயிராய்க் கிடக்கிறான். ஆசாரியன் கண்டான், லேவியன் கண்டான், சமாரியனும் கண்டான். மூவருடைய கண்களும் கண்டது ஒன்றுதான். அவர்களில் ஒருவனுக்கு மட்டுமே உள்ளம் உருகிற்று. காயங்களைக் கட்டியபின் அவனைச் சமாரியன் எதன்மேல் ஏற்றினான்? நம் தமிழ் வேதாகமம் அதைச் சுயவாகனம் என்கிறது. கிரேக்க மூலத்தில் 'க்டேனோஸ்' என்ற சொல் நிற்கிறது. வீட்டு விலங்கைக் குறிக்கும் பொதுச் சொல் அது. கழுதையா, கோவேறு கழுதையா, என்ன விலை பெறும் என்று லூக்கா எழுதவில்லை. அதன்மேல் யார் ஏற்றப்பட்டான் என்பதை மட்டும் எழுதினார்.

காயப்பட்டவன் ஏறியபோது சொந்தக்காரன் இறங்கியிருக்க வேண்டும். சத்திரம்வரை அவன் நடந்தே போயிருக்க வேண்டும். வாகனத்தைத் தன்னுடையதாக வைத்திருந்தவன், தேவை வந்தபோது தன் இடத்தைப் பிறனுக்குக் கொடுத்தான். இரண்டாயிரம் ஆண்டுகளாகத் திருச்சபை அந்த விலங்கை நினைவுகூருகிறது. அதன் மதிப்பு அது சுமந்த மனிதனால் வந்தது.

உங்கள் வீட்டு வாசலில் நிற்பது பெரிய வண்டியாயிருந்தாலும் சிறியதாயிருந்தாலும், அதற்காகப் பெருமைப்படவும் வேண்டாம், வெட்கப்படவும் வேண்டாம். ஒரு கேள்வியை மட்டும் கேட்டுப்பாருங்கள்: கடந்த ஞாயிறு அதில் எத்தனை இருக்கைகள் காலியாக ஆலயத்துக்கு வந்தன? அதே வழியில், நகரப் பேருந்துக்காக வெயிலில் நின்ற மூதாட்டி யார்? ஐப்பசி மழை தொடங்கும்போது, பெட்ரோல் டேங்கின்மேல் ஒரு பிள்ளையையும் மடியில் ஒரு பிள்ளையையும் வைத்துக்கொண்டு இருசக்கர வாகனத்தில் வரும் குடும்பங்கள் நம் சபையிலும் இருக்கின்றன. அவர்களை நாமும் கண்டிருக்கிறோம்.

ஆகையால் ஒரு வேண்டுகோள். கார் வைத்திருப்போர், தங்கள் தெருவிலும் வழியிலும் உள்ள முதியோர், நோயுற்றோர், கைக்குழந்தையுள்ள தாய்மார் ஆகியோரில் ஒருவரையாவது வரும் ஞாயிறு முதல் அழைத்து வாருங்கள். ஆலய அலுவலகத்தில் உங்கள் பெயரைக் கொடுத்தால், யார் வீட்டுக்குச் செல்ல வேண்டும் என்று சொல்லுவார்கள். அழைக்கப்படுவோரும் கூச்சமின்றி ஏறிக்கொள்ளுங்கள். காயப்பட்டவன் ஏற மறுத்திருந்தால் சமாரியனின் அன்புக்கு இடமில்லாமற் போயிருக்கும்.

ஜெபம்: இரக்கமுள்ள பிதாவே, எங்களுக்கு நீர் தந்தவற்றை மனிதர் பார்வையால் அளந்து வெட்கப்படாதபடி காத்தருளும். வழியோரத்தில் நிற்போரைக் கண்டு நிறுத்தும் கண்களையும், இடம் கொடுக்கும் மனதையும் தாரும். இயேசு கிறிஸ்துவின் மூலம் ஜெபிக்கிறோம். ஆமென்.

உங்கள் போதகர்